வெந்தும் வேகாத மாமிசமும் அதன் பொறுப்பாளிகளும்

தென்காசி ஜில்லா வாசுதேவநல்லூரைச் சூழ்ந்த கிராமங்களில், நஞ்சை புஞ்சைச் சாகுபடியோடு பட்டியில் சில ஆடுகளும் கொல்லையில் சில கோழிகளும் வைத்திருக்கும் குடியானவர் அநேகர். கோவில் கொடைக்கும் தீபாவளிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கறியாவன இவையே. ஆயினும், வேகாத மாமிசத்தைப் புசித்து எங்கேனும் ஒருவர் வாந்திபேதி கண்டு மாண்டார் என்னும் செய்தி வருங்கால், “கடைக்காரன் செய்த அநியாயம்” என்று கூறிவிட்டு, ஆடு வளர்த்தவரும் ஊர் அதிகாரியும் தத்தம் அலுவலுக்குத் திரும்பிவிடுகின்றனர். கடைக்காரன் குற்றவாளியே, ஆனால் அவன் ஒருவனே குற்றவாளி என்பது சரியன்று.

2022-ஆம் வருஷம் மே மாதத்தில், கேரளத்துக் காசர்கோடு ஜில்லாவிலுள்ள செறுவத்தூரில், ஷவர்மா என்னும் கோழிக்கறிப் பண்டத்தைப் புசித்த 16 வயது மாணவி ஒருத்தி இறந்தாள். வேறு பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் அதே பண்டத்தைப் புசித்த 14 வயதுச் சிறுமி மாண்டாள். 40-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். கோழிக்கும் முட்டைக்கும் நாடெங்கும் பெயர்பெற்ற நாமக்கல்லிலேயே இது நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

ஷவர்மா செய்யும் முறை யாதெனில், கறியை நெடிய கம்பியில் அடுக்கடுக்காகச் செருகி, நெருப்பின் எதிரே சுழலவிட்டு, வெந்த மேற்புறத்தைச் சீவிக் கொடுப்பதாம். வாங்குவோர் கூட்டம் மிகுந்தால் கத்தி நெருப்பை முந்திவிடுகிறது. உட்புறக் கறி பச்சையாகவே இலைக்கு வருகிறது. கோழியின் குடலில் வாழும் சால்மொனெல்லா முதலிய கிருமிகள், கறியின் மையப்பகுதி 74 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேறினால் மாயும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட இளஞ்சூட்டில் மணிக்கு மணி பெருகும். ஆனால் சமையல் மட்டுமே காரணம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. செறுவத்தூரில் ஷவர்மாவோடு மிளகுத்தூளிலும் சால்மொனெல்லா இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. அங்கே அகப்பட்ட மற்றொரு கிருமியாகிய ஷிகெல்லா கோழியில் வாழ்வதன்று. மனித மலத்தினின்றே கைவழியாகவும் தண்ணீர்வழியாகவும் பரவுவது. எத்துணைத் தீ மூட்டினும், வெந்த கறியைக் கழுவாத கை தொட்டால் பயன் என்ன?

இந்தப் பொறுப்பு யாருடையது என்னும் வழக்கு அமெரிக்காவில் நெடுநாள் நடந்தது. 1974-இல் அங்குள்ள அப்பீல் கோர்ட்டு ஒன்று, சர்க்கார் முத்திரை பெற்ற மாமிசத்தின்மேல் கிருமியைப்பற்றிய எச்சரிக்கை அச்சிடத் தேவையில்லை என்றும், சமைப்போர் அறிவிலிகள் அல்லர் என்றும் கருதித் தீர்ப்பளித்தது. அதாவது, சுமை முழுவதும் அடுப்படியில் நிற்பவர் தலைமேல் ஏறிற்று. பின்னர் 1993-இல், சரியாக வேகாத மாட்டுக் கொத்துக்கறிப் பண்டத்தை விற்ற உணவுச்சாலைகளால் 700-க்கு மேற்பட்டோர் நோயுற்று, 4 குழந்தைகள் இறந்தனர். வாஷிங்டன் ராஜ்யத்து விதி சுமார் 68 டிகிரிச் சூடு கேட்டிருக்க, சுமார் 60 டிகிரியோடு கறி இறக்கப்பட்டிருந்தது. சமைத்தவர் பிழை வெளிப்படையாயினும், சர்க்கார் அதோடு நிற்கவில்லை. 1994-இல், ஈ.கோலி ஓ-157 என்னும் அக்கிருமி பச்சைக் கொத்துக்கறியில் இருந்தாலே அது கலப்படப் பொருளாகும் என்று அறிவித்தது. சுமையில் ஒரு பங்கு அறுப்பவர் தோளுக்கு மாறியது.

இந்தியாவில் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், உற்பத்தி செய்பவர் முதல் விற்பவர் வரை ஒவ்வொருவருக்கும் கடமை விதிக்கிறது. பாதுகாப்பற்ற ஆகாரத்தால் மரணம் நேர்ந்தால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டஈடு என்பது அதன் 65-ஆம் பிரிவு. ஆனால் 18-ஆம் பிரிவு குடியானவரையும் அவருடைய கால்நடையையும் சட்டத்திற்கு வெளியே வைத்திருக்கிறது. இவ்விலக்கு நியாயமானதே; நாலு ஆடு வைத்திருப்பவரின் தொழுவத்திற்கெல்லாம் தணிக்கை வந்தால் அவர் ஆட்டையே விற்றுவிடுவார். எனினும், விலக்கு கிடைத்ததால் பொறுப்பு தீர்ந்தது என்று கொள்வது பெரும் தவறு. நோய்கண்ட ஆடு சாகுமுன் வந்த விலைக்குக் கறிக்கடையில் தள்ளிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவ்வாறு தள்ளியவரைச் சட்டம் தேடி வாராமல் இருக்கலாம். அந்தக் கறி சில சமயம் அவர் உறவினர் வீட்டிற்கே திரும்பி வருகிறது.

நோயற்றதாகத் தோன்றும் பிராணியின் குடலிலும் கிருமி இருக்கக்கூடும். ஆதலால் கண்ணால் பார்த்துத் தேர்வது மட்டும் போதாது. கோழிகளை விற்குமுன் 8 முதல் 12 மணி நேரம் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தால், குடல் காலியாகி, அறுக்கும்போது கிழிந்து கறியில் மலம் படுவது குறையும். சாணம் அப்பிய தோலோடு ஆட்டைச் சந்தைக்கு ஓட்டலாகாது. செத்த கோழியைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவேண்டுமேயன்றி ஓடையில் எறிதல் தகாது. இவற்றில் பணச்செலவு அதிகமில்லை, சோம்பலே தடை.

ஊர் அதிகாரிகளின் பங்கு இதனினும் பெரிது. சாக்கடைமேல் கழி நட்டு ஆட்டைத் தொங்கவிட்டு அறுப்பதைக் காணாதார் இல்லை. தண்ணீரும் தளமும் உள்ள ஆட்டுத்தொட்டி ஒன்றை அமைத்து, கால்நடை வைத்தியர் பார்வையில் அறுக்கச் செய்வது ஸ்தல ஸ்தாபனத்தார் செய்யத்தக்க காரியம். அதைச் செய்யாமல் கறிக்கடைக்காரனை மட்டும் கண்டிப்பது எளிது.

கோவில் கொடையில் கடைக்காரனே இல்லை. கிடா கொடுப்பவரும், வரி பிரிப்பவரும், பந்தி நடத்துபவரும் ஊர்ப் பெரிய நிலக்காரர்களே. சமய, சமூகக் கூட்டங்களில் ஆகாரம் வழங்குவோரும் சிறு உணவுத் தொழிலினராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 2011-ஆம் வருஷத்து உரிம விதிகளில் அடங்கியுள்ளது. இதை அறிந்தவர் மிகச் சிலர். கொடையில் கறி நன்றாகவே வேகிறது. அபாயம் பிறகே தொடங்குகிறது. இரவில் வெட்டி, விடியுமுன் இறக்கிய அண்டா, பிற்பகல் வரை வெதுவெதுப்பாக மூடிக்கிடக்கிறது. கொதியையும் தாங்கும் வித்துக்களை உடைய கிளாஸ்ட்ரிடியம் என்னும் கிருமி அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி, உண்டவர்க்கு 6 முதல் 24 மணிக்குள் வயிற்றுவலியும் பேதியும் உண்டாக்குகிறது. இதற்கு அண்டாவை அனல்மேலேயே வைத்து 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் காக்கவேண்டும். இயலாவிடின், முதற்பந்திக்கும் பிற்பந்திக்கும் தனித்தனியே சமைக்கவேண்டும். பிற்பந்திக்குரிய கிடாவையும் விடிந்த பிறகு அறுப்பதே நலம். வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் எழுதும் வரிக்கணக்கிலேயே, கூடுதல் விறகுக்கும் உஷ்ணமானி ஒன்றுக்கும் தொகை சேர்த்துக்கொள்ளலாம்.