பையனைத் துப்பாக்கி சுட அனுப்பலாமா டீச்சர்?

என் முழங்கால் வலியைப் பற்றிப் போட்ட போன பதிவுக்கு ஆளுக்கொரு எண்ணெய் சொல்லியிருந்தீர்கள். எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு வேறு விஷயம். கொஞ்சம் நீளம்தான். சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். "டீச்சர், ஒண்ணு கேக்கணும், திட்டக் கூடாது" என்று ஆரம்பித்தான். மகனுக்கு 12 வயது. பக்கத்து வீட்டுத் தாத்தா மாதம் ஒருமுறை தொப்பி, பூட்ஸ், இடுப்பில் இரண்டு துப்பாக்கி என்று கௌபாய் வேஷம் கட்டிக்கொண்டு சுடும் போட்டிக்குப் போகிறாராம். பையனும் கூடப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "அவ அம்மா முடியவே முடியாதுங்கிறா. எனக்கு ரெண்டு மனசா இருக்கு. நீங்க சொல்லுங்க டீச்சர்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். என் பதிலை இங்கே எழுதக் காரணம், இதே கேள்வியை வேறு மாதிரி நம் ஊரிலும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

கௌபாய் என்றால் நமக்கொன்றும் அந்நியம் இல்லை. 1972-ல் ஜெய்சங்கர் 'கங்கா', 'ஜக்கம்மா' படங்களில் குதிரையில் வந்தபோது நான் பள்ளி மாணவி. அதே ஆண்டுதான் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. டெக்ஸ் வில்லரை உங்களில் பாதிப் பேர் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துத்தான் படித்தீர்கள். பிடுங்கி மேஜையில் போட்டுவிட்டு, இடைவேளையில் நானே படித்திருக்கிறேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். டெக்ஸ் வில்லரைப் படைத்தவர்கள் அமெரிக்கர்கள் இல்லை, இத்தாலிக்காரர்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்கக் கௌபாய் இத்தாலி வழியாகச் சிவகாசிக்கு வந்து, ராஜா ராணிக் கதை மாதிரி நம் பிள்ளைகள் வாயில் புழங்கினான்.

அவன் கையில் இருந்த துப்பாக்கிக்கு நாமே மருந்தும் செய்து கொடுத்தோம். சிவப்புக் காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்த ரோல் கேப். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே தெருவெல்லாம் டப் டப்பென்று கேட்கும்.

சரி, அந்த டெக்சாஸ் விளையாட்டு என்ன என்று அவனிடம் விவரமாகக் கேட்டேன், நானும் தேடிப் படித்தேன். 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பழைய கௌபாய் படங்களின் மீது பைத்தியமான சிலர் ஆரம்பித்திருக்கிறார்கள். 1987-ல் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி' என்ற சங்கம் வந்தது. விதிகளை வகுப்பது அதுதான். பெரியவர்களுக்கு நான்கு துப்பாக்கி வேண்டும்: ரிவால்வர் இரண்டு, கைப்பிடியைக் கீழே இழுத்து இழுத்துச் சுடும் ரைபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. எல்லாம் 1800-களின் கடைசியில் இருந்த மாதிரியில்தான் இருக்க வேண்டும். ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். அதனால்தான் 'சிங்கிள் ஆக்‌ஷன்' என்று பெயர். சலூன், சிறைச்சாலை என்று சினிமா செட் மாதிரி முகப்புகள் கட்டி, எதிரே இரும்புத் தகடுகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். சொன்ன வரிசையில் சுட வேண்டும். எடுத்துக்கொண்ட விநாடிதான் மதிப்பெண். ஒரு தகடு தவறினால் 5 விநாடி கூட்டுவார்கள், வரிசையை மாற்றிச் சுட்டால் 10. நம் பரீட்சைக்குத் தலைகீழ், குறைவாக எடுத்தவன்தான் முதல்.

உடையும் அந்தக் காலத்து உடைதான், டி-ஷர்ட் ஆகாது. ஆளுக்கொரு புனைபெயரும் பதிய வேண்டும். ஒருவர் பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. பையன் இப்போதே 'சிவகாசி கிட்' என்று முடிவு செய்துவிட்டானாம். இதைக் கேட்டுத்தான் எனக்குப் பாதி மனம் இளகியது. சிவகாசியை அவன் மொத்தமே மூன்று தடவைதான் பார்த்திருக்கிறான்.

ஆனால் வேஷத்தையும் பெயரையும் விட எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு. ரிவால்வரில் ஆறு அறை இருக்கும், ஐந்தில்தான் குண்டு போடுவார்கள். சுத்தியல் காலி அறையின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய மாதிரித் துப்பாக்கி கைதவறி விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்பதற்காக. குண்டு போடத் தனி மேஜை. சுட்டு முடித்ததும் காலி என்று காட்ட இன்னொரு மேஜை. இரண்டிலும் அடுத்தவர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். குழல் பக்கவாட்டில் கொஞ்சம் அதிகமாகத் திரும்பினாலும் அந்தச் சுற்று போச்சு. குண்டு உள்ள துப்பாக்கியைக் கீழே போட்டால் அன்றைக்குப் போட்டியே முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். காலித் துப்பாக்கி விழுந்தால்கூடக் குனிந்து எடுக்கக் கூடாது, அதிகாரிதான் எடுப்பார். தகட்டில் பட்ட ஈயம் சிதறும் என்பதால் வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் கண்ணாடி கட்டாயம்.

இதைப் படித்தபோது நம் பட்டாசு ஆலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று கணக்கு. உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்குவது. நைலான் சேலை கூடாது. வெயில் ஏறுமுன் மருந்துக் கலவை முடிந்திருக்க வேண்டும். அந்தக் கௌபாய்களில் ஒரு பிரிவினர் புகை கக்கும் பழைய கருமருந்தில்தான் சுடுகிறார்கள். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. இந்த மூன்றின் பெயரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் வருமுன்பே தெரியும். விதியை மீறிய இடங்களில் என்ன ஆனது என்பதும் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அன்று ஆசிரியர் தினம். தீயைக் கண்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றவர்களும் அன்று போனார்கள்.

இனி நான் இதுவரை பொதுவில் சொல்லாத ஒன்று. சம்பந்தப்பட்டவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். தீபாவளிக்கு மறுவாரம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இடைவேளையில் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். இரண்டு போல்ட், நடுவில் ஒரு நட். உங்களில் பலருக்கு அது என்னவென்று தெரியும். ரோல் கேப்பையும் தீக்குச்சித் தலையையும் சுரண்டி நட்டுக்குள் அடைத்து, இரண்டு பக்கமும் போல்ட்டை முறுக்கித் தரையில் எறிவது. "டீச்சர், நானே செஞ்சேன்" என்றான். முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கும் சிரிப்பு வந்தது. "பள்ளிக்கூடத்துல வேண்டாம்டா, வீட்ல போய் விளையாடு" என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் ஊருணிக்கரையில் எறிந்திருக்கிறான். போல்ட் திரும்பி வந்து வலது கண்ணில் அடித்தது. அந்தக் கண் போனது போனதுதான்.

அவனை நான் அடித்துத் தடுத்திருக்க வேண்டும் என்று பல வருடம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குத் தெரியாமல் செய்திருப்பான். அவனை உட்காரவைத்து, அது எப்படி வெடிக்கிறது, இரும்பு எந்தப் பக்கம் பறக்கும், உன் முகம் அப்போது எங்கே இருக்கும் என்று பத்து நிமிடம் விளக்கியிருக்கலாம். மருந்துக்கு நடுவில் வாழ்கிற ஊரில் அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் யாரும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. ஒன்று 'தொடாதே', இல்லாவிட்டால் 'வீட்டுல போய் விளையாடு'. அவ்வளவுதான்.

அதனால் என் பதில், அனுப்பு என்பதுதான். ஆனால் நான் சொல்லும் வரிசையில் அனுப்பு.

முதல் மாதம் வெறும் கையோடு போகட்டும். கண்ணாடியும் காதடைப்பானும் மட்டும் போதும். பார்க்கட்டும். தகரத்தில் குண்டு படும் சத்தத்தை அல்ல, அந்த இரண்டு மேஜைகளையும் பார்க்கச் சொல். புதிதாக வருகிறவர்களுக்கு அங்குள்ளவர்கள் தங்கள் துப்பாக்கியையே கொடுத்துச் சொல்லித் தருவது வழக்கமாம். 13 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு, அவர்கள் சின்ன .22 துப்பாக்கியில் சுடலாம். ஆகவே நீ எதையும் வாங்க வேண்டாம். தொப்பி வேண்டுமானால் வாங்கிக் கொடு. விதிப் புத்தகத்தைப் பையன் படித்து அவன் அம்மாவுக்குச் சொல்லிக் காட்டட்டும். அவள் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். அவள் திருப்தியான பிறகுதான் கையில் துப்பாக்கி. ஆரம்பத்தில் வேகம் வேண்டாம். விநாடி எத்தனை ஆனாலும் ஆகட்டும், குழல் திரும்பாமல் முடித்தானா என்று மட்டும் கேள்.

இன்னொன்று, இதில் நான் இறங்கி வர மாட்டேன். உன் வீட்டுக்குள் துப்பாக்கி வரக் கூடாது. போட்டி முடிந்ததும் அது அந்தத் தாத்தாவின் பூட்டிய பெட்டிக்குப் போகட்டும். உன் மனைவி பயப்படுவது பட்டிக்காட்டுப் பயம் இல்லையப்பா. 2022 மே மாதம் உங்கள் டெக்சாஸில்தான், உவால்டே என்ற ஊரில், ஒரு தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆசிரியையாக இருந்த எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. விளையாட்டு வேறு, அந்தக் கொடுமை வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் இல்லாத துப்பாக்கியால் வீட்டில் விபத்து நடக்காது.

இனி நம் ஊர்க் கதை. விருதுநகரில் என் நாத்தனார் பேரன் ஒன்பதாம் வகுப்பு. ஆன்லைனில் ஏர் ரைபிள் வாங்கித் தரச் சொல்லி அடம். அவன் அப்பா வாங்கிக் கொடுக்கத் தயார், ஏனென்றால் அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம், அது உண்மைதான். அதற்காக அது பொம்மை ஆகிவிடாது. கண்ணுக்கு அந்தச் சின்ன ஈயக் குண்டு போதும். மொட்டைமாடியில் நின்று மைனாவையும் புறாவையும் சுட ஆரம்பித்தால் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அதையும் அவன் அப்பா படித்துக்கொள்ளட்டும்.

நம் நாட்டில் கௌபாய் போட்டி கிடையாது. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் 21 வயதுக்கு மேல்தான். ஆனால் வாசல் மூடியிருக்கிறது என்று யார் சொன்னது? மதுரையிலேயே ரைபிள் கிளப் இருக்கிறது. திருச்சி ரைபிள் கிளப்பில் 2022-ல் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் போனபோது நீங்களெல்லாம் எனக்குப் படம் அனுப்பினீர்கள், நினைவிருக்கிறதா? அவர் நடிகராகப் போகவில்லை, போட்டியாளராகப் போனார். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டார்கள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். அந்த இலக்கில் பத்து மதிப்பெண் இடம் அரை மில்லிமீட்டர். பென்சிலைக் கூராக்கி வைத்த புள்ளி. அதை நின்றபடி, மூச்சை அடக்கி, 60 தடவை குறிபார்க்க வேண்டும். வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார முடியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

செலவு இருக்கிறது, மறைக்கவில்லை. போட்டிக்கான ரைபிள் லட்சக் கணக்கில் போகும். மதுரைக்குப் போய்வரும் பஸ் காசும் நேரமும் வேறு. ஏழைப் பிள்ளைக்கு இது எட்டாது என்பது எனக்கு வருத்தம்தான். மாவட்டத்தில் பத்து அரசுப் பள்ளிகளிலாவது ஏர் ரைபிளும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால் கதை மாறும். உயர்நிலைப் பள்ளிகளில் என்.சி.சி. இருக்கிற இடத்திலாவது பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள், துப்பாக்கியை ஒழுங்காகப் பிடிக்க அங்கே சொல்லித் தருவார்கள்.

நாத்தனார் பேரன் விஷயத்தில் நான் சொன்னது இதுதான்: ரைபிள் வாங்கும் பணத்தை வங்கியில் போடு, மூன்று மாதம் கிளப் ரைபிளில் கற்றுக்கொள்ளட்டும், அப்புறமும் ஆசை இருந்தால் பேசுவோம். அவன் முகம் சுருங்கிவிட்டது. அத்தை கெடுத்துவிட்டாள் என்று அவன் அப்பாவுக்கும் கோபம். இதைப் படிப்பான் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கண்ணை இழந்த மாணவனிடம் நேற்று போனில் பேசினேன். இப்போது சிவகாசியில் சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிறான். நான் எழுதப்போவதைச் சொன்னேன். "எழுதுங்க டீச்சர். அந்த டெக்சாஸ் பையனுக்கு நல்ல கண்ணாடியா வாங்கச் சொல்லுங்க, மலிவா வாங்கிடப் போறாங்க" என்றான்.

டெக்சாஸ்காரர்கள் வரும் சனிக்கிழமை பார்க்க மட்டும் போகிறார்கள். அவன் அம்மாவும் போகிறாளாம். தொப்பி போட்ட படம் வந்தால் போடுகிறேன்.