நடக்காத ஆட்டத்துக்குச் சாட்சி

இல்லாத ஒரு பேஸ்பால் அணியை, அதன் பருவத்தின் நடுவே வரும் சாதாரணமான ஒரு வாரம் முழுவதும் நடத்திச் செல்வது வெறும் பொழுதுபோக்கா, ஆராயத்தக்க மொழிச்செயலா? அண்மையில் ஒரு கருத்தரங்கில் இக்கேள்வி என்னை நோக்கி எழுப்பப்பட்டது. “நிகழாத ஆட்டத்தைப் பற்றி எழுதிய அறிக்கை எப்படித் தரவாகும்?” என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. அடுத்த கட்டுரையாளரை அழைத்துவிட்டார்கள். அங்கே சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். நீளும், பொறுத்தருள்க.

முதலில் பொருளை விளக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் மேசைமீது ஆடும் பேஸ்பாலுக்கு நீண்ட மரபு உண்டு. ஹால் ரிச்மன் என்பவர் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அவற்றுள் புகழ்பெற்றது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை, மூன்று பகடைகள். ஒரு பகடை ஒன்று முதல் மூன்றுக்குள் விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். நான்கு முதல் ஆறு என்றால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, பந்து என்னவாயிற்று என்பதைச் சொல்லும். ஆடுபவர் செய்வது ஒன்றே: மேலாளராக இருந்து முடிவெடுப்பது. யார் பந்தெறிவது, யாரை எப்போது மாற்றுவது, யாருக்கு ஓய்வு தருவது என்பவை அவர் பொறுப்பு. கிரிக்கெட்டில் களத்திலேயே நிற்கும் தலைவர் எடுக்கும் முடிவுகளை, பேஸ்பாலில் களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் மேலாளர் எடுக்கிறார். வயது எதுவாயினும் அவரும் ஆட்டக்காரர்களின் சீருடையையே அணிந்திருப்பார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

அந்த அட்டைகளில் இருப்பவர்கள் மெய்யான ஆட்டக்காரர்கள். அதற்கும் அப்பால் சென்று, அணியும் ஆளும் நகரமும் முழுக்கக் கற்பனையாகவே அமைத்துக்கொண்டவர்கள் உண்டு. நாவலாசிரியர் ஜாக் கெரவாக் அவர்களில் ஒருவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் சிறுவனாக இருந்தபோது தொடங்கிய கற்பனைப் பேஸ்பால் சங்கத்தை அவர் வளர்ந்த பின்னரும் விடவில்லை. பிட்ஸ்பர்க் பிளிமத்ஸ், நியூயார்க் செவ்வீஸ் என்று கார்களின் பெயர்களை அணிகளுக்கு இட்டார். வெற்றி தோல்விப் பட்டியல்களையும் ஆட்ட விவரங்களையும் எழுதியதோடு, அச்சங்கத்தைப் பற்றிய செய்தித்தாள்களையும் தாமே தயாரித்தார். அத்தாள்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன. ஐசக் கெவிர்ட்ஸ் 2009இல் அவற்றைக் குறித்து ஒரு நூலே வெளியிட்டார். ‘தரவாகுமா’ என்ற வினாவுக்கு ஆவணக்காப்பகம் ஒருவகையில் விடையளித்துவிட்டது. ஆனால் கெரவாக் புகழ்பெற்றவர் என்பதால்தானே அவருடைய தாள்கள் காக்கப்பட்டன என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே புகழை ஒதுக்கிவிட்டு மொழியைப் பார்ப்போம்.

ஏன் பருவத்தின் நடுவாரம்? அமெரிக்கப் பெருஞ்சங்கப் பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை, ஏறக்குறைய நாள்தோறும். தொடக்கத்தில் நம்பிக்கை இருக்கும்; இறுதியில் நெருக்கடி இருக்கும். ஜூலையின் ஒரு புதன்கிழமையில் இரண்டும் இல்லை. இருப்பது களைப்பும் கணக்கும் மட்டுமே. விளையாட்டைப் பற்றிய நம் எழுத்துகள் பெரும்பாலும் இறுதிப்போட்டியையே நாடுகின்றன. எனக்கோ, மேலாண்மை என்ற சொல்லின் முழுப்பொருளும் அந்தப் புதன்கிழமையில்தான் விளங்குகிறது.

தொடக்கப் பிட்சர்கள் ஐவர். ஒருவர் எறிந்தால் இடையில் நான்கு நாள் ஓய்வு வேண்டும். திங்கள் விடுமுறை, செவ்வாய் முதல் ஞாயிறு வரை நாளுக்கொன்றாக ஆறு ஆட்டங்கள் என்றால் சிக்கல் இல்லை: செவ்வாயன்று எறிந்தவரே ஞாயிறன்று மீண்டும் வருவார். ஆனால் முந்தைய மாதம் மழையால் நின்றுபோன ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு இரண்டாம் ஆட்டமாகச் சேர்த்துவிட்டால் சுழற்சி உடைகிறது. ஐந்து பேருக்கு ஆறு ஆட்டங்கள், ஐந்து நாட்களுக்குள். முதலாமவரை மூன்றே நாள் ஓய்வில் அழைக்கலாம். தோள்பட்டை தாங்குமா என்பது கேள்வி. அல்லது கீழ்ச்சங்கத்திலிருந்து ஓர் இளைஞனை ஒருநாளுக்கு அழைத்துவரலாம். நடுவில் வந்து எறியும் மாற்றுப் பிட்சர்களை வியாழன், வெள்ளியில் அளவோடு பயன்படுத்தியிருந்தால் மட்டுமே அந்த இளைஞனைத் தாங்கிப் பிடிக்க ஆளிருக்கும். அப்படியானால் சனிக்கிழமை எடுக்க வேண்டிய முடிவை வியாழக்கிழமையே எடுத்தாக வேண்டும். வியாழன் ஆட்டம் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கும்போது நல்ல பிட்சரை வெளியே எடுக்காமல் இருப்பது, அவ்வாட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு மடமையாகத் தோன்றும்.

இத்தகைய ஒரு வாரத்தை, எட்டு அணிகள் கொண்ட கற்பனைச் சங்கத்தில், மூன்று பகடைகளும் ஒரு குறிப்பேடும் கொண்டு நானே நடத்திப் பார்த்தேன். இளைஞனைத்தான் அழைத்தேன். இரண்டாம் சுற்றிலேயே ஆறு ஓட்டங்கள் போயின. அதை அன்றிரவே நாளிதழ்ச் செய்திபோல எழுதி வைத்தேன். வாரம் முடிந்தபின் குறிப்பேட்டை மொழியியல் மாணவராகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது.

கதை சொல்லும்போது நாம் ‘-ஆம்’ சேர்க்கிறோம். ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தானாம். அவனுக்கு மூன்று மகள்களாம். தாமஸ் லேமன் தம் தற்காலத் தமிழ் இலக்கண நூலில் (1989) இதைப் பிறர் கூற்றை அறிவிக்கும் ஒட்டாக விளக்குகிறார். மொழியியலில் சான்றுநிலை என்று நாம் பேசுவதன் ஒரு பகுதி. சொல்பவர் தாம் நேரில் காணாததை, கேட்டறிந்ததை இவ்வொட்டால் குறிக்கிறார். கற்பனை ஆட்டம் கதைதானே? அப்படியானால் என் அறிக்கைகளில் ‘-ஆம்’ நிறைந்திருக்க வேண்டும். ஏழு ஆட்ட அறிக்கைகளிலும் ஓரிடத்தில்கூட இல்லை. “இரண்டாம் சுற்றில் அவன் ஆறு ஓட்டங்களைக் கொடுத்தான்” என்றே எழுதியிருக்கிறேன், கண்ணால் கண்டவர்போல. ஆனால் அதே இளைஞனைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் இப்படி வருகிறது: “இவனுடைய தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம், மகனைத் தினமும் ஆடுகளத்துக்கு அவர்தான் அழைத்துச் செல்வாராம்.”

இரண்டுமே பொய்தான். ஒன்று மற்றொன்றைவிட மெய்யன்று. ஆனாலும் என் இலக்கணம் வேறுபடுத்தியிருக்கிறது. தந்தையை நான் இட்டுக்கட்டினேன். ஆறு ஓட்டங்களை நான் இட்டுக்கட்டவில்லை. அவை பகடையில் விழுந்தன. விழுந்ததை நான் பார்த்தேன். நான் விரும்பாததும், என்னால் மாற்ற முடியாததும், என் கண்முன் நடந்ததுமான ஒன்றை ‘கொடுத்தானாம்’ என்று எழுதக் கை வரவில்லை. ஆக, இங்கே ‘-ஆம்’ மெய்க்கும் புனைவுக்கும் இடையே கோடு போடவில்லை. செய்தி எங்கிருந்து வந்தது என்பதையே அது கவனிக்கிறது, புனைவின் உள்ளேயும்கூட. ஒரே ஒருவரின் ஒரே குறிப்பேடு எதையும் நிறுவாது என்று நண்பர்கள் எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன். கருதுகோள் எழுப்ப அது போதும்.

இத்திசையில் முன்னோடிகள் இல்லாமலில்லை. சார்ல்ஸ் ஃபெர்குசனை நாம் இரட்டை வழக்கு பற்றிய 1959ஆம் ஆண்டுக் கட்டுரைக்காக மட்டுமே பாடத்தில் வைத்திருக்கிறோம். அவரே 1983இல் விளையாட்டு வருணனையாளர்களின் தொடரமைப்பை ஒரு தனி மொழிவழக்காக ஆராய்ந்து எழுதினார். சூசன் ஹாய்ல், தாமே விளையாடிக்கொண்டு தம் ஆட்டத்தைத் தாமே வருணிக்கும் சிறுவர்களின் பேச்சை ஆராய்ந்த கட்டுரை, டெபோரா டானன் தொகுத்து 1993இல் வந்த நூலில் உள்ளது. அச்சிறுவர்கள் மெய்யான ஆட்டத்துக்கும் கற்பனை ஒளிபரப்புக்கும் இடையே எப்படி நொடியில் நிலைமாறுகிறார்கள் என்பதே அதன் பொருள். ஒருவரும் அவரை நோக்கி, அச்சிறுவர்கள் உண்மையான வருணனையாளர்களா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ராபர்ட் கூவர் 1968இல் வெளியிட்ட நாவலையும் இங்கே சொல்ல வேண்டும். ஹென்றி வா என்னும் கணக்கர் இரவுதோறும் சமையலறை மேசையில் மூன்று பகடைகளால் ஒரு முழுச் சங்கத்தையே நடத்துகிறார். கதை தொடங்கும்போது சங்கத்துக்கு ஐம்பத்தாறாம் ஆண்டு. (வரிசையைப் பொருட்படுத்தாமல் எண்ணினால் மூன்று பகடைகள் விழக்கூடிய சேர்க்கைகளும் சரியாக 56.) அவருடைய அருமை இளம் பிட்சர் டேமன் ரதர்ஃபோர்ட், அரிதினும் அரிதான சேர்க்கைகள் அடுத்தடுத்து விழுந்ததால், மட்டைபிடிக்கும்போது பந்து பட்டு இறந்துவிடுகிறான். மெய்யான பெருஞ்சங்க வரலாற்றில் ஆட்டத்தில் எறிந்த பந்து பட்டு இறந்தவர் ஒரே ஒருவர்: கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன், 1920 ஆகஸ்டில். ஹென்றி தாங்க முடியாமல், பழிக்குப் பழியாக, பிறகு ஒருநாள் பகடைகளைக் கையாலேயே வேண்டிய எண்ணில் திருப்பி வைத்துவிடுகிறார். நாவலின் அச்சு அங்கேதான் முறிகிறது. சாட்சியாக இருந்தவர் ஆக்கியோனாக மாறும் கணம் அது. என் சொற்களில் சொன்னால், அந்தக் கணத்துக்குப் பிறகு ஹென்றி எழுதும் ஒவ்வொரு வினைமுற்றிலும் ‘-ஆம்’ ஒட்டியிருக்க வேண்டும்.

இனி நம் நாட்டு நிலைமை. ‘ஃபேன்டசி அணி’ என்றால் இந்திய மாணவருக்கு நினைவுக்கு வருவது கைபேசிச் செயலியும் கட்டணமும் பரிசுத்தொகையும்தான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறன் சார்ந்ததா வாய்ப்பு சார்ந்ததா என்று பாராமல் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கடன்பட்டு அழிந்த குடும்பங்களை நினைத்தால் அதன் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அதையொட்டி எழுந்த பேச்சில் ‘கற்பனை அணி’ என்ற கருத்தே சூதாட்டத்தின் மறுபெயராகிவிட்டது. கருத்தரங்கில் எழுந்த சிரிப்பில் இதற்கும் பங்கு இருந்தது என்று ஐயுறுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. செயலியில் ஆடுபவர் ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பதினொருவரைத் தேர்கிறார். ஆட்டம் தொடங்கியதும் அவர் வேலை முடிந்தது. அவருக்கு நாளை இல்லை. களைத்த தோள்பட்டை இல்லை. வியாழக்கிழமை தோற்றுச் சனிக்கிழமையைக் காக்க வேண்டிய தேவை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத வேண்டியதே இல்லை. தரவரிசையில் ஓர் எண் வருகிறது, அவ்வளவே. நம் திண்ணைத் தாயத்திலும் இந்தக் குறை உண்டு என்பேன். பகடை இருக்கிறது, வெட்டு இருக்கிறது, வஞ்சம்கூட இருக்கிறது; ஆனால் காய்களுக்குப் பெயரில்லை. வெட்டுப்பட்ட காய்க்கு யாரும் இரங்கல் எழுதுவதில்லை. கெரவாக்கும் ஹென்றி வாவும் செய்தது பெயரிட்டதும், பெயரிட்டவரைப் பற்றி நாள்தோறும் எழுதியதும்தான்.

இக்கட்டுரையைப் படிக்கும் முதுகலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் சான்றுநிலை பற்றிய பாடம் வரும்போது, மாணவர் இருவருக்கு ஓர் அணி வீதம் பிரித்துக் கொடுங்கள். மூன்று பகடைகள், ஒரு பக்க விதிப்பட்டியல், ஒரு வாரம். பேஸ்பால் விளங்கவில்லையெனில் கிரிக்கெட்டே ஆகட்டும். ஆனால் ஒரே ஓர் ஆட்டமாக வேண்டாம், அடுத்தடுத்து ஆறேழு ஆட்டங்கள் இருக்கட்டும். ஒவ்வோர் இரவும் ஆட்ட அறிக்கை ஒன்று, ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று. வேறு அறிவுரை எதுவும் வேண்டாம். ‘-ஆம்’ பற்றி முன்கூட்டி ஒரு சொல்லும் சொல்லிவிட வேண்டாம். பாதிப்பேருக்குப் பகடையைத் தாமே உருட்டச் சொல்லுங்கள். மீதிப்பேருக்கு முடிவுகளை மட்டும் தாளில் எழுதிக் கொடுங்கள். உருட்டாதவர்கள் ‘கொடுத்தானாம்’ என்று எழுதுகிறார்களா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். விதிப்பட்டியல் வேண்டுவோர் கீழே எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.