தமக்கையின் பாட்டு, தம்பியின் பெயர்

"பெண்குலத்திலே ஒரு பீத்தோவன் உண்டா? ஒரு பாக் உண்டா?" என்று கேட்கிறார்கள், ஆணுக்கு மட்டுமே மேதைமையை இயற்கை பட்டா எழுதிக் கொடுத்துவிட்டதாக எண்ணுவோர். அவர்களைப் பெர்லின் நகரத்து மாளிகை ஒன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். லைப்சிகர் தெரு, எண் 3. மெண்டெல்சன் குடும்பத்தார் வாழ்ந்த வீடு.

ஃபெலிக்ஸ் மெண்டெல்சன் உலகறிந்த இசைமேதை. மணமக்கள் நடந்துவரும்போது இன்றும் ஒலிக்கிறதே திருமண நடையிசை, அது அவர் ஆக்கியது. அவருக்கு மூன்றாண்டு மூத்தவள் ஒரு தமக்கை, ஃபேனி. 1805-இல் பிறந்தவள். இருவருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே பயிற்சி. 13 வயதிலே, தந்தையின் பிறந்தநாள் பரிசாக, பாக் இயற்றிய 24 முன்னிசைகளை ஏடு பாராமல் பியானோவிலே வாசித்துக் காட்டினாள் அந்தச் சிறுமி!

பழமைப் பித்தர்களின் வீடாக இருந்திருந்தால் வியப்பில்லை. பாட்டனார் மோசஸ் மெண்டெல்சனோ, பகுத்தறிவின் ஒளியை ஐரோப்பாவிலே ஏற்றிய தத்துவ அறிஞர். தந்தை ஆபிரகாம் படித்தவர், பண்பாளர், வங்கி நடத்தியவர். அந்தப் பண்பாளர்தான் 1820-இல், 14 வயது மகளுக்குக் கடிதம் எழுதுகிறார்: இசை ஃபெலிக்சுக்குத் தொழிலாகக்கூடும், உனக்கோ அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும், இருக்கவும் வேண்டும் என்று.

அடிக்கவில்லை. அறையிலே பூட்டவில்லை. பியானோவைப் பிடுங்கவில்லை. அன்பு குழைத்து, அறிவுரை கலந்து, அஞ்சலிலே அனுப்பினார் தடையுத்தரவை!

தம்பி நகரம் நகரமாகச் சென்றார், புகழ் குவித்தார். தமக்கை வீட்டிலிருந்தே எழுதினார். 1827-இலும் 1830-இலும் ஃபெலிக்சின் பாடல் தொகுதிகள் இரண்டு அச்சேறின. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பாடல்கள். அவற்றிலே மும்மூன்று தமக்கையுடையவை. அட்டையிலே தம்பியின் பெயர் மட்டும்!

1842-இல் பக்கிங்காம் அரண்மனையிலே ஒரு காட்சி. நாடகம் எழுதுகிறவன் கற்பனையிலும் இப்படி ஒன்று அமையாது. விக்டோரியா அரசியார் ஃபெலிக்சின் முன்னே பாட விரும்புகிறார். அந்தத் தொகுதியிலிருந்து அவர் எடுத்துப் பாடியது 'இத்தாலி' என்ற பாட்டு. பாடி முடித்ததும் ஃபெலிக்ஸ் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று: அது தம்முடையதல்ல, தமக்கையுடையது. நாட்டை ஆள ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. தான் எழுதிய பாட்டிலே தன் பெயரைப் பொறிக்க இன்னொரு பெண்ணுக்கு உரிமை இல்லை!

ஃபெலிக்ஸ் கொடியவரா? அல்லர். தமக்கைமீது உயிரையே வைத்திருந்தவர். தம் படைப்புகளை அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டவர். ஆனால், 1837-இல் தாயார், "அவள் தன் பாடல்களை வெளியிட நீ ஊக்கம் தரலாகாதா?" என்ற பொருளில் கேட்டபோது, மறுத்துவிட்டார். தமக்கை தம் இல்லத்தைக் கவனிக்கிறார், முதற்கடமை அதுதான், அது நிறைவேறிய பிறகே இசை என்று பதில் எழுதினார். தோழர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேடையிலே பெண்ணுரிமை முழங்கிவிட்டு, வீடு திரும்பியதும், "கூட்டத்துக்கு நீ எதற்கு? பிள்ளைகளைப் பார்" என்று சொல்வோர் நம் வரிசையிலே இல்லையா?

கணவர் ஹென்சல் ஓவியர். எழுது, வெளியிடு என்று தூண்டியவர். அந்த வீட்டிலே ஞாயிறுதோறும் ஃபேனி அம்மையார் இசையரங்கு நடத்தினார். லிஸ்ட் போன்ற பெரும் இசைவாணர்களே வந்து கேட்டார்கள். வீட்டுக்கு வெளியே, பொது மேடையிலே அவர் வாசித்ததாக அறியப்படுவது ஒரே முறை, 1838-இல். அதுவும் அறக்கொடைக்காக, வாசித்ததும் தம்பியின் படைப்பு.

1846-இல் துணிந்தார். தம் பெயரிலேயே முதல் தொகுதியை அச்சுக்குக் கொடுத்தார். அப்போது தம்பிக்கு எழுதிய கடிதத்திலே ஒப்புக்கொள்கிறார்: 14 வயதிலே தந்தைக்கு அஞ்சியதைப் போல, 40 வயதிலே தம்பிமாருக்கு அஞ்சுகிறேன் என்று. 450-க்கும் மேற்பட்ட படைப்புகளைத் தந்த கை, தம்பிக்கு அஞ்சி நடுங்கியது! வாழ்த்து வந்தது, வாழ்வுதான் நிலைக்கவில்லை. 1847 மே 14. ஞாயிறு அரங்குக்கான ஒத்திகையிலே, தம்பியின் இசையை வாசித்துக்கொண்டிருந்தபோது தாக்குண்டு சாய்ந்தார். அன்றே மறைந்தார். வயது 41. அதே ஆண்டு நவம்பரிலே தம்பியும் மறைந்தார்.

கல்லறைக்குப் பின்னும் பறிப்பு நிற்கவில்லை. 1828-இல் அம்மையார் எழுதிய 'ஈஸ்டர் சொனாட்டா'வின் கைப்படி 1970-இல் பாரிசிலே கிடைத்தது. ஃபெலிக்சுடையது என்றே முடிவு கட்டினார்கள். அவர் பெயரிலேயே இசைத்தட்டும் வெளியிட்டார்கள். 2010-இல்தான் அமெரிக்கப் பெண் ஆய்வாளர் ஒருவர், பக்க எண்களையும் கையெழுத்தையும் ஒப்பிட்டு, அது தமக்கையின் படைப்பு என்று நிறுவினார். 2017 மகளிர் நாளன்று, இலண்டனிலே, ஃபேனியின் பெயரால் அது ஒலித்தது.

"பெண்குலத்திலே ஒரு பீத்தோவன் உண்டா?" என்று கேட்போரே, அந்த இசையை ஆண்மகன் ஆக்கியது என்று நம்பிக் கேட்டீர்களே நாற்பது ஆண்டுகள், அப்போது எந்தச் சுரத்திலே கண்டீர்கள் பெண்ணின் குறையை?