கஜானா காலியானால் யார் தலையில் விழுகிறது?

ஸ்தல ஸ்தாபனங்களின் கையில் பணமில்லை, ஆகவே வரியை ஏற்றுகிறோம் என்றது தமிழ்நாடு சர்க்கார், 2022 ஏப்ரலில். போடிநாயக்கனூர் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவிகிதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவிகிதம் என்று சொத்துவரி உயர்ந்தது. பெரிய வீட்டுக்கு அதிகம் என்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வணிகக் கட்டிடம் என்ற ஒரே பெயரில் ஏலக்காய் மண்டிக்கும் தெருமுனைப் பலசரக்குக் கடைக்கும் ஒரே 100 சதவிகிதம் என்பது என்ன நியாயம்? சிறு வீட்டின் 25 சதவிகிதமும் வீட்டுக்காரரோடு நிற்பதில்லை. வாடகையாக உருமாறிக் குடியிருப்பவர் தலையில்தான் இறங்குகிறது.

யார் அந்தக் குடியிருப்பவர்கள்? விடியுமுன் தூக்குச்சட்டியுடன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் பெண்கள். அவர்கள் எடுத்த காய் போடியில் ஏலம் போகிறது. அதன்மேல் 5 சதவிகித ஜி.எஸ்.டி. விழுகிறது. அது மத்திய, மாநில சர்க்கார்களின் கஜானாவுக்கு. ஏலம் நடக்கும் ஊரின் நகராட்சிக்கு நேரே ஒரு காசு கிடையாது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவிகிதத்தை 12,000-க்கு மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளும் எல்லா நகரங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்!

இந்த நெருக்கடி வானத்திலிருந்து குதித்ததல்ல. 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் நகரங்களில் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் அதிகாரிகளின் ராஜ்யம். தேர்ந்தெடுத்த சபை இல்லை என்று காரணம் காட்டி மத்திய நிதிக் கமிஷன் மான்யம் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த 15-ஆவது நிதிக் கமிஷன், குறைந்தபட்சச் சொத்துவரி விகிதத்தை அறிவித்தால்தான் நகரங்களுக்கு மான்யம் என்று நிபந்தனை போட்டது. புதிய கவுன்சிலர்கள் நாற்காலியில் அமர்ந்த சில வாரங்களிலேயே வரி உயர்வு மேஜைக்கு வந்துவிட்டது. 2024-ல் அதன்மேல் இன்னொரு 6 சதவிகிதம்.

வரிக்கு அடுத்தபடி கத்தி கூலியின்மேல் பாய்கிறது. நகரசுத்தி வேலையைக் கண்டிராக்டருக்குத் தள்ளிவிடுவதே சிக்கனம் என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் இதை எதிர்த்து உட்கார்ந்த தொழிலாளர்களை இரவோடிரவாகப் போலீஸ் அப்புறப்படுத்தியது.

வேறு வழியே இல்லையா? 1921-ல் லண்டனின் ஏழைப் பேட்டையான பாப்ளரில், ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் கவுன்சிலர்கள் நகரப் பொது நிதிக்கான வரியை ஏழைகளிடம் வசூலிக்க மறுத்தார்கள். 30 பேர் சிறை சென்றார்கள். ஏறக்குறைய ஆறு வாரத்தில் விடுதலை. பணக்காரப் பேட்டைகளும் வறியோர் நிவாரணச் செலவில் பங்கேற்க வேண்டுமென்று அவ்வாண்டே சட்டம் வந்தது. நமது கவுன்சிலர்களைச் சிறைக்குப் போகச் சொல்லவில்லை. 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளின் உயர்வை ரத்துச் செய், சிறு கடைகளுக்குத் தனி விகிதம் வை, ஏலக்காய் வரியில் போடிக்குப் பங்கு கொடு என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றிச் சென்னைக்கு அனுப்பட்டும். தபால் செலவு அதிகம் ஆகாது.