வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, ஆளுக்கு?

சாரல் சீசன் வந்தால் எங்க ஊர்க்காரங்க பதிவெல்லாம் அருவி, ரஸ்தா கடை பரோட்டா, எண்ணெய் மசாஜ் என்று குளுகுளுவென்று இருக்கும். நானும் அப்படி நாலைந்து எழுதியிருக்கேன். இது அந்த மாதிரிப் பதிவு இல்லை. படிச்சிட்டு கொஞ்சப் பேருக்கு என் மேல் கோபம் வரலாம். வரட்டும்.

நான் தென்காசியில் சின்னச் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். 2011இல் ஒரு மர மில். பேர் வேண்டாம். லாரியிலிருந்து தடி இறக்கும்போது ஒரு தடி உருண்டு லோடுமேன் ஒருத்தர் மேல் விழுந்தது. நாற்பது வயசு. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிஞ்சு போச்சு. மூணாம் நாள் ஊர்ப் பெரியவங்க நாலு பேர் உட்கார்ந்து பேசினாங்க. முதலாளி 75,000 ரூபாய் தந்தார். "இனிமேல் எந்தப் பாத்தியமும் கோர மாட்டேன்" என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அந்தம்மா கைநாட்டு வைத்தது.

அந்தத் தாளை எழுதினது நான்தான்.

எழுதிட்டு வீட்டுக்கு வந்து, 'பரவாயில்லை, முதலாளி நல்ல மனுஷன், கை நிறையக் கொடுத்துட்டார்' என்று நினைச்சுக்கிட்டேன். நான் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் பேசிச்சு.

சட்டம் என்ன சொல்லுது என்று நாலு வருஷம் கழிச்சு வேற ஒரு வேலைக்காகப் படிக்கும்போதுதான் தெரிஞ்சுது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923இல் வந்த சட்டம். 2010 ஜனவரியில் அதுக்கு 'பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்' என்று பேர் மாறிச்சு. வேலையால், வேலை நேரத்தில் விபத்து நடந்து ஆள் இறந்தால், மாசச் சம்பளத்தில் பாதியை அவர் வயசுக்கு என்று அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்கணும். நாற்பது வயசுக்கு அந்த எண் 184.17. அந்த லோடுமேனுக்குத் தினக்கூலி 350. மாசம் 26 நாள் என்றால் 9,100. அப்போ சட்டம் கணக்கில் எடுத்துக்கிட்ட உச்சவரம்பு 8,000. பாதி 4,000. பெருக்கிப் பாருங்க: 7,36,680 ரூபாய்.

நாங்க கொடுத்தது 75,000. பத்தில் ஒரு பங்கு. அதையும் தர்மம் மாதிரிக் கொடுத்தோம்.

இன்னொன்று இருக்கு. நான் எழுதின அந்தத் தாளுக்கு மதிப்பே கிடையாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினால் அது செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கு. சாவுக்கான இழப்பீட்டைக் கையில் கொடுக்கவே கூடாது, ஆணையரிடம்தான் கட்டணும். கையில் கொடுத்ததில் மூணு மாசச் சம்பளம் வரை முன்பணமாகக் கழிச்சுக்கலாம். மிச்சம் கணக்கிலேயே சேராது. அந்தம்மா அன்றைக்கு மனு போட்டிருந்தால் முதலாளி மொத்தத்தையும் மறுபடி கட்டியிருக்கணும். ஒரு மாசத்துக்குள் கட்டலைன்னா 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடிச்சால் அபராதமாக இன்னொரு பாதி வரைக்கும். ஆக, நான் அந்தம்மாவையும் ஏமாத்தினேன், முதலாளியையும் காப்பாத்தலை.

தேடிப் போய்ச் சொன்னேன். மனு போட ரெண்டு வருஷம்தான் கெடு, தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க இடம் உண்டு, நான் கூட வாரேன் என்றேன். அந்தம்மா பீடி சுத்திக்கிட்டே கேட்டுது. தட்டிலிருந்து கண்ணை எடுக்கலை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? இப்போ கோர்ட்டு கீர்ட்டுன்னு அலைய எனக்கு ஏது நாளு?"

அதுக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

சரி, இப்போ என் சண்டைக்கு வாரேன். அதுக்கப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேக்கேன். எங்கே போனாலும் அதே நாலு பதில்தான்.

முதல் பதில்: "நாம என்ன பெரிய கம்பெனியா அண்ணாச்சி? நாலு பேரு வேலை பாக்குத இடம்." பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. வரும். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டினால் விபத்துப் பொறுப்பை அந்தக் கழகம் ஏத்துக்கும். அதுக்குக் கீழே நாலு பேர் என்றால் பொறுப்பு போயிடாது, நேரா உங்க தலையில் உட்காரும். பெரிய கம்பெனியை விட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ரெண்டாவது: "அவன் எங்க ஆள் இல்ல, மேஸ்திரி கூட்டியாந்த ஆள்." உங்க தொழிலில் வழக்கமாக நடக்கிற வேலையை மேஸ்திரியிடம் விட்டாலும் முதலில் பிடிபடுவது நீங்கதான். கட்டிட்டு அப்புறம் மேஸ்திரியிடம் வசூல் பண்ணிக்கலாம், அவரிடம் இருந்தால் :-)

மூணாவது: "அவன் குடிச்சிருந்தான்." சின்னக் காயத்துக்கு வேண்டுமானால் அது எடுபடும். மரணம், நிரந்தர முழு ஊனம் என்றால் எடுபடாது.

நாலாவதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல்: "பேங்க்ல இருபது ரூபாய் இன்சூரன்ஸ் போட்டு விட்டுருக்கோம்லா." அது பிரதமர் பெயரில் உள்ள விபத்துக் காப்பீடு. வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். நல்ல திட்டம்தான், எல்லாரும் போடுங்க. ஆனால் அது தொழிலாளியின் சொந்தக் காப்பீடு. அதனால் உங்க பொறுப்பில் ஒரு பைசா குறையாது.

சட்டம் பொறுப்பைக் கட்டாயமாக்கிச்சு, ஆனால் எங்களை மாதிரி சின்னத் தொழிலுக்கு அந்தப் பொறுப்புக்கான இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கலை. கோளாறே இங்கேதான். மில்லில் நிற்கும் லாரிக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னா செங்கோட்டை தாண்டுறதுக்குள் மடக்கிடுவாங்க, அதனால் அது பத்திரமா இருக்கு. அந்த லாரியில் ஏறி இறங்குகிற ஆளுக்கு இருக்கா என்று எந்த செக்போஸ்டிலும் கேட்கிறதில்லை.

இத்தனைக்கும் இது கிடைக்காத சரக்கு இல்லை. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா மாதிரி அரசு பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளிலேயே 'பணியாளர் இழப்பீட்டு பாலிசி' இருக்கு. என்ன வேலை, வருஷத்துக்கு மொத்தக் கூலி எவ்வளவு என்பதை வைத்துப் பிரீமியம் போடுவாங்க. ஆனால் கணக்கு எழுதுறவனாக ஒன்று சொல்லுதேன். பிரீமியத்தை மிச்சம் பிடிக்கக் கூலியைக் குறைச்சுக் காட்டாதீங்க, எட்டுப் பேர் இருக்கும்போது மூணு பேர் என்று எழுதாதீங்க. மேஸ்திரி ஆட்களையும் சேர்க்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிச் செலவு அடங்குமா என்று தனியாகக் கேளுங்க. விட்டுட்டால் விபத்து அன்றைக்கு அந்த ஓட்டை வழியாகத்தான் பணம் போகும்.

தொழிலாளி கதை இப்படி. வாடிக்கையாளருக்கு? லாட்ஜ் படியில் பாசி வழுக்கி ஒருத்தர் விழுந்து இடுப்பு ஒடிஞ்சால், அது உங்க அலட்சியம் என்று நிரூபணமானால், நீங்கதான் கொடுக்கணும். போபாலுக்கு அப்புறம் 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான ரசாயனம் கையாளுகிற இடங்களுக்குத்தான், லாட்ஜுக்கு இல்லை. ஆனால் கடை பாலிசியோடு சேர்த்தே பொதுப் பொறுப்பையும் எடுக்கலாம். குற்றால மழையில் வழுக்காத படி எங்கே இருக்கு?

முதலாளிகளைக் கொடுங்கோலர்கள் என்று சொல்ல வரலை. அந்த மர மில்காரர் உண்மையிலேயே அழுதார். ஆனால் 2020 ஜனவரியில் சம்பள வரம்பை 15,000 ஆக்கிட்டாங்க. அந்தக் கணக்கில் முப்பது வயசு ஆள் இறந்தால் 15,59,850 ரூபாய். எந்தச் சின்ன மில்காரர் அழுதுக்கிட்டே அதைக் கட்ட முடியும்? மில்லைத்தான் விக்கணும். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிட்டுது. பொறுப்பு குறையலை. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கிற விபத்தையும் சில நிபந்தனைகளோடு சேர்த்திருக்காங்க.

கணக்கு எழுதுகிற, பத்திரம் எழுதுகிற, ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்லுகிற எல்லாருக்கும்தான் இந்தப் பதிவு. அடுத்த தடவை துக்க வீட்டில் யாராவது முத்திரைத்தாளை நீட்டினால் பேனாவை எடுக்காதீங்க. "தொழிலாளர் துறை ஆபீஸில் கட்டுங்க" என்று ஒரே ஒரு வரி சொல்லுங்க. நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட வரி அது.

டிஸ்கி: என் கணக்கில் உள்ள கடைகளில் மூணு பேர் பாலிசி எடுத்துட்டாங்க. மத்தவங்க "சீசன் முடியட்டும் அண்ணாச்சி" என்கிறாங்க. விபத்து சீசன் பார்த்தா வருது?