பவளத்தைக் காத்தது பணமா, சட்டமா?

வெனிசுவேலா நாட்டின் வடகரைக்கு அப்பால், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கரிபியக் கடலில் பொனேர் என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு 288 சதுர கிலோமீட்டர். நெதர்லாந்துக்கு உட்பட்ட அத்தீவில் மழை குறைவு; மண்வளமும் குறைவு; எங்கு நோக்கினும் கள்ளிச் செடிகளே மிகுதி. ஆயினும், முதுகில் காற்றுக்கலம் சுமந்து கடலுள் முக்குளிப்போர் உலகின் பல திசைகளிலிருந்தும் அங்கு வந்து குவிகின்றனர். கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே பவளப்பாறைகளைக் கண்ணாரக் காணலாம் என்பதே காரணம். வண்டிகளின் எண் பலகையிலேயே 'முக்குளிப்போரின் சொர்க்கம்' என்று பொறித்துக்கொண்ட தீவு அது.

இத்தீவைச் சான்றாகக் காட்டி ஒரு வாதத்தைச் சிலர் முன்வைக்கின்றனர். பயணிகளின் பணமே இயற்கையைக் காக்கும். ஆகவே அவர்களைத் தடையின்றி வரவேற்றால் போதும், பவளம் தானே பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்தம் கூற்று. கேட்பதற்கு இனிய கூற்றுதான். ஆனால், அது உண்மையா? பொனேரின் வரலாறே அதனை மறுக்கின்றது.

கடலாமைகளின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் அத்தீவு 1961ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்பு அளித்தது. 1971இல் கடலுக்கடியில் ஈட்டி எய்து மீன் பிடிப்பதைத் தடுத்தது. 1975இல், உயிருள்ளதாயினும் உயிரற்றதாயினும், பவளத்தைப் பெயர்த்தெடுப்பது குற்றமாயிற்று. 1979இல் தீவைச் சூழ்ந்த கடல் முழுவதும், கரையின் உயர்நீர் மட்டம் முதல் 60 மீட்டர் ஆழம் வரை, காப்புப் பகுதியாக்கப்பட்டது. பவளத்தின்மேல் நங்கூரம் பாய்ச்சுதலும் விலக்கப்பட்டது. படகுகளைக் கட்டுவதற்கு நிலையான மிதவைகள் அமைக்கப்பட்டன. இவை யாவும் தடைகள். முக்குளிப்புத் தொழில் பெரிதாகத் தழைப்பதற்கு முன்னரே இவற்றுட் பல பிறந்துவிட்டன. பணம் வந்து சட்டத்தைப் படைக்கவில்லை. சட்டம் காத்து வைத்த அழகைத் தேடியே பணம் வந்தது.

பின்னர் நிகழ்ந்தது இன்னும் தெளிவான பாடம். தொடக்கத்தில் கிடைத்த நன்கொடை தீர்ந்ததும், 1980களின் நடுப்பகுதியில் அக்காப்புப் பகுதியின் நிருவாகம் தளர்ந்து, ஏட்டளவில் மட்டுமே நின்றது. அந்நாளில் பயணிகள் வரவில்லையா? வந்தனர், ஆண்டுக்கு ஆண்டு பெருகியும் வந்தனர். விடுதிகளுக்கும் படகுத் தொழிலுக்கும் வருவாய் சேர்ந்தது. ஆயினும், கடலைக் காக்கக் காவலர்க்குக் கூலி இல்லை! பயணியின் பணம் தானாகவே இயற்கையைக் காக்கும் என்பது மெய்யானால், இவ்விழிநிலை நேர்ந்திருக்குமா? 1992இல், முக்குளிக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 அமெரிக்க வெள்ளி செலுத்த வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்திய பிறகே அக்காப்பகம் தன் காலில் நின்றது. கட்டணம் விதித்தால் பயணிகள் வாரார் என்று அஞ்சியோரும் இருந்தனர். அவர்தம் அச்சம் பலிக்கவில்லை.

"பார்ப்பதால் என்ன கேடு?" என்று வினவுவாரும் உளர். பாறைபோல் திரண்டு வளரும் பவளம் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றது. பயிற்சியற்றவரின் கால் துடுப்பு ஒருமுறை இடித்தால், பல்லாண்டு வளர்ச்சி நொடியில் சிதைந்துவிடும். ஓர் இடத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முறைக்கு மேல் முக்குளித்தால் பவளம் தாங்காது என்று, 1990களின் தொடக்கத்தில் பொனேரில் ஆய்ந்தவர்கள் கணித்தனர். கையுறை அணிவதை அங்கே விலக்கியதும் இதன்பொருட்டே. உறை அணிந்த கை அஞ்சாமல் எதனையும் பற்றும் அன்றோ?

அப்படியாயின் முக்குளிப்பையே ஒழித்துவிடலாமே எனின், அதுவும் முறையன்று. கண்டறியாத ஒன்றின்மீது மனிதருக்கு அன்பு பிறப்பது அரிது. அத்தீவின் காவலர் இன்று பணி செய்வதும் கட்டணத்தால்தான். வரம்பு முதலில், விருந்தினர் பிறகு. இவ்வரிசை மாறும்போதுதான் கேடு விளைகின்றது.

அது மாறிவருகின்றது என்பதே கவலைக்குரியது. கடலில் நிற்கும் சட்டம் கரையில் தளர்கின்றது. 2011இல் ஏறத்தாழ 16,000ஆக இருந்த மக்கள்தொகை 2024இல் 25,000ஐ எட்டியது. கரையோரம் கட்டடங்கள் பெருகுகின்றன. கழிவுக் குழிகளின் நீர் சுண்ணாம்புப் பாறையூடே கசிந்து கடலை அடைந்தால், அது பாசிக்கு எருவாகும். பாசி பவளத்தை மூடும். பாசியை மேய்ந்து பவளத்திற்கு இடமளித்த கடல்முள்ளெலிகளோ, 1983–84இல் பரவிய நோயால் கரிபியக் கடலெங்கும் பெரும்பாலும் மாண்டன. 2023இல் பவளத்தின் திசுவையே அழிக்கும் கொடுநோய் பொனேரிலும் காணப்பட்டது. கடல்நீரின் வெப்பமும் ஏறுகின்றது. எருவையும் சேற்றையும் கடலுக்கு அனுப்பிவிட்டு, கையுறையை மட்டும் தடுப்பதால் என்ன பயன்?

தீவின் தென்பகுதியில், உப்பளங்களின் ஓரத்தில், ஆள் நிமிர்ந்து நிற்க இயலாத சிறு கற்குடில்கள் இன்றும் நிற்கின்றன. உப்பு வாரிய அடிமைகள் இரவில் முடங்கிக் கிடந்த இடங்கள் அவை. 1863இல் டச்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. அம்மக்களின் உழைப்பால் விளைந்த உப்பு, பிறரையே செல்வராக்கியது. இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் வாழும் மண்ணில் நில விலையும் வாடகையும் எட்டாத உயரத்திற்கு ஏறுகின்றன. உப்பின் கதை பவளத்திலும் தொடர வேண்டுமா?

சுற்றுலா நன்மை தரும் என்று வகுப்பறையில் கற்பிப்போர், அந்நன்மை யாரால், எந்த வரம்பால் விளைந்தது என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்னும் பழமொழி, அளவு குறித்தது. அவ்வளவை வகுக்கும் உரிமை விருந்தினர்க்கும் இல்லை. அவரை அழைத்துப் பொருளீட்டும் வணிகர்க்கும் இல்லை. அவ்வீட்டிலேயே பிறந்து வாழ்வோர்க்கே உண்டு.