வள்ளத்தடி வள்ளி

திருகோணமலை உட்துறைமுகக் கரையில், மூதூர்ப் படகுகள் கட்டும் இறங்குதுறைக்குச் சற்று அப்பால், பழுதுபார்ப்பதற்கெனக் கவிழ்த்து வைத்திருந்த வள்ளமொன்றின் அடியில், 2012ஆம் ஆண்டு மார்கழி மாதத்து வாடைக்கும் சாரலுக்கும் ஒதுங்கி, எலும்புந் தோலுமாய்ச் சுருண்டு கிடந்த செந்நிறப் பெட்டை நாயொன்றை, மீன் வாங்கப் போன நான் கண்டு, இரண்டு நாள் காணாதவன்போலக் கடந்து சென்று, மூன்றாம் நாள் சாக்கொன்றில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வள்ளத்தடியில் கிடந்தமையால் கடற்றொழிலாளர்கள் அதனை வள்ளி என்று கூப்பிட்டு வந்தார்கள். சாமியின் பெயரை நாய்க்கு வைக்கலாமா என்று என் மனைவி முதலிலே சங்கடப்பட்டாள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து நம்பிராசன் கையில் அகப்பட்டு வளர்ந்தவள்தானே வள்ளிநாயகியும் என்று பின்னர் தானே சமாதானம் கூறிக்கொண்டு, அந்தப் பெயராலேயே அதற்கு முதல்வாய்க் கஞ்சியை ஊட்டினாள்.

அதன் பின்புறத்தில் இரத்தம் கசியும் கட்டியொன்று இருந்தது. கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனபோது, அது இணைசேர்கையின் வழியே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு உயிருள்ள கலங்களாகவே தொற்றிச் செல்கின்ற ஒருவகைப் புற்றுநோய் என்றும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எங்கோ வாழ்ந்து மடிந்த ஒரே நாயின் உடலில் தோன்றிய அக்கலங்களின் வமிசமே இன்றளவும் உலகெங்கும் தெருநாய்களைப் பீடித்து வருகிறது என்றும், ஆனால் வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் வின்கிறிஸ்டீன் என்னும் மருந்தை நாளத்தில் ஏற்றினால் பெரும்பாலும் முற்றாகவே குணமாகிவிடும் என்றும் அவர் விளக்கினார். அந்த ஔஷதம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. கோயில் மதிலோரத்திலும் சுடலையோரத்திலும் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் அந்த ஊதாப் பூவுக்குள், வள்ளத்தடியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பிராணிக்குரிய மருந்து இருந்ததை நினைத்து அன்று நான் வெகுநேரம் பேசாதிருந்தேன்.

ஆயினும் என் மனத்தில் தைத்தது வைத்தியர் அடுத்துச் சொன்ன வார்த்தைதான். இந்த நோயோடு தெருவில் திரியும் நாய்கள் பலவற்றைத் தாம் பார்ப்பதாகவும், முதல் ஊசியை இரக்கமுள்ள யாரேனும் போடுவித்து விடுவதாகவும், இரண்டாவது ஊசிக்கு அந்த நாய்கள் வருவதே இல்லையென்றும் அவர் சொன்னார். அடுத்த வாரம் வா என்றால் தெருநாய் வருமா? ஊரில் வைத்தியர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது; இல்லாமற் போனது ஐந்தாறு வாரத்துக்கு ஒரு விறாந்தை மட்டுமே.

இந்த விறாந்தையைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டுமென்று எண்ணினேன். ஒரு நாயை ஆயுள் முழுவதும் ஏற்றுக்கொள்வது எல்லோருக்கும் இயலாது. வாடகை வீட்டிலிருப்போர், இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர், முதுமையினால் தளர்ந்தோர் எனப் பலருக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் நோய் தீரும்வரை, அல்லது குட்டி பால்குடி மறந்து நல்லதொரு வீட்டுக்குப் போகும்வரை, சில வாரம் தன் திண்ணையில் இடங்கொடுத்து, ஊட்டித் துடைத்து, பிறகு ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு வழியனுப்பி நிற்கும் தர்மத்துக்குப் பெரிய வளவும் வேண்டியதில்லை, பெருஞ் செல்வமும் வேண்டியதில்லை. மேனாட்டார் இதனை அண்மையில் கண்டுபிடித்தார்கள் என்று எண்ணுவோர் நம்முடைய அகப்பொருள் மரபை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பெற்றவளை நற்றாய் என்றும், ஊட்டியும் உறங்கவைத்தும் வளர்த்தவளைச் செவிலி என்றும் பிரித்துப் பெயரிட்ட அந்த மரபிலே, தலைவி தலைவனோடு போய்விட்டாள் என்று அறிந்ததும் பாலைவழியிலே, எதிர்ப்படுவோரையெல்லாம் வினவிக்கொண்டு, கால் தளரத் தேடிப் போகின்றவள் செவிலியே. தன் வயிற்றில் பிறவாத ஒன்றை வளர்த்துப் பிறிதோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு அதன் நலத்தையே நினைத்து ஏங்கியிருத்தல் ஓர் உன்னதமான உறவு என்பதை நம் புலவர்கள் அவ்வளவு காலத்துக்கு முன்பே உணர்ந்திருக்க, நாம் அந்தச் சொல்லை வகுப்பறையிலே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இந்த ஊர் இரக்கமற்ற ஊர் அன்று. மீன்சந்தையில் சூடை மீனின் தலைகளை ஒதுக்கி வைத்து நாய்களுக்குப் போடுகிறவர்களையும், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் தம் பிரசாதத்தில் பாதியைக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்களையும் நாள்தோறும் காண்கிறேன். வைரவருக்கு வடைமாலை சாத்துகின்ற ஜனங்கள் அவர் வாகனத்தைக் கல்லால் எறிய மனங்கொள்ளார். மூதூர்ப் படகுத் துறையில் வேலைசெய்த முஸ்லிம் நானா ஒருவர், தம் மார்க்க அனுஷ்டானத்தை முன்னிட்டு நாயைத் தொடாதவராயினும், பாதியாய் வெட்டிய பிளாஸ்ரிக் கானொன்றில் தினந்தோறும் நல்ல தண்ணீர் நிரப்பி அந்த வள்ளத்தருகே வைத்து வந்தார். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குத் தம் பாதரட்சையால் நீர் முகந்து கொடுத்த ஒருவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தியை எனக்கு முதன்முதலிற் சொன்னவரும் அவரே.

இவ்வளவு இரக்கமும் இருக்க, அதே மீன்சந்தை ஓரத்திலும் கடற்கரையிலும் கண் திறந்தும் திறவாத பெட்டைக்குட்டிகளை மட்டைப்பெட்டியில் இட்டு இரவோடிரவாக வைத்துவிட்டுப் போவதும் நம்மவர்தாம். கடுவனை வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டையை எறிந்துவிடுகிறார்கள். அறுபத்து மூன்று நாளில் ஈன்று, ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வருகின்ற பிராணியைக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்காமல் சோறு மட்டும் போடுவது, இரக்கத்தின் பெயரால் அடுத்த ஆண்டின் அனாதைகளை உற்பத்தி செய்வதாகும். இதைக் கடுமையாகச் சொல்வதற்காக வாசகர் மன்னிக்க வேண்டும். அந்த மட்டைப்பெட்டிகளை மழைநாட் காலையில் திறந்து பார்த்தவனுக்கு மென்மையான வார்த்தை வருவதில்லை.

நம் நகரத்தின் மான்களையும் இங்கே நினைக்கிறேன். பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் வழியிலும் கடற்கரை வீதிகளிலும் மனிதருக்கு அஞ்சாது உலாவும் புள்ளிமான்கள் இந்த ஊரின் கண்ணுக்கு நிறைவானவை. கட்டாக்காலி நாய்கள் கூட்டமாய்ச் சேர்ந்தால் அவற்றின் கன்றுகளுக்கு ஆபத்து. ஆகவே மானை நேசிப்போர் நாயை வெறுக்க வேண்டும் என்று சிலர் வாதிக்கிறார்கள். பசித்துக் கூட்டஞ்சேரும் நாய்களின் தொகை குறைந்து, எஞ்சியவை ஒரு வாசலுக்கு உரியவையாகும்போதுதான் கன்றுகளும் பிழைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கொல்வதால் தொகை குறையும் என்ற நம்பிக்கையை இந்த நாடு நெடுங்காலம் பரீட்சித்துப் பார்த்துவிட்டது. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டத்தின் நிழலில், சுருக்குக் கயிற்றோடு வந்த நாய்பிடிகாரரை என் பிராயத்தவர் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்ட பின்னரும், அந்நோயின் மரணங்கள் அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கின்றனவே, அது தடுப்பூசியின் பலன். ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால் விசர்நோயின் தொடர் அறுந்துபோகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கையால் தொட இணங்குகின்ற நாய்க்குத்தான் எளிதில் ஊசி போடலாம், மனிதர் வீட்டு விறாந்தையில் சில வாரம் இருந்த நாய்தான் கையால் தொட இணங்கும்.

கொழும்பிலே 2007இல் ஒட்டாரா குணவர்தன தொடங்கிய எம்பார்க் என்னும் இயக்கம், ஊர் நாய்களைக் கௌரவமாகத் தத்தெடுக்கலாம் என்ற எண்ணத்தைத் தென்னிலங்கையில் பரப்பிற்று. வடக்கே இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனக் காப்பகம் நடத்துகிறது. வணக்கத்துக்குரிய பணிகள். ஆனால் காப்பகம் எவ்வளவு பெரிதாயினும் நிறைந்துவிடும். நிறைந்த காப்பகத்தில் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். ஒரு தெருவுக்கு ஒரு செவிலி வீடு இருந்தால் காப்பகத்துக்குப் போக வேண்டிய தேவையே பாதியாகக் குறையும். நகர நிர்வாகம் அந்த வீடுகளுக்குக் கருத்தடையையும் தடுப்பூசியையும் இலவசமாகச் செய்துகொடுத்தால் அதற்குமேல் அவர்கள் எதையும் கேட்கமாட்டார்கள்.

வள்ளி ஐந்து வாரத்தில் குணமடைந்தாள். அவள் என்று எழுதுகிறேன். உவப்பினால் அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதை நன்னூலார் வழுவமைதியாக ஏற்றிருக்கிறார் என்பதை முப்பது ஆண்டு மாணவருக்குக் கற்பித்தவன், அந்தச் சூத்திரத்தின் பொருளை இவளிடம் கற்றேன். ஏற்றுக்கொண்ட கடமை முடிந்ததென்று எண்ணி நிலாவெளிப் பக்கத்துக் குடும்பமொன்றுக்கு அவளைக் கொடுத்தோம்; மூன்றாம் வாரத்தில், இரவில் குரைக்கிறாள் என்று காரணங்கூறித் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. நாயைக் கொடுத்தபோது அதன் பயங்கள் இன்னவை, பழக்கங்கள் இன்னவை, வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளிவாள், தனியே விட்டால் ஊளையிடுவாள் என்று சொல்லிக் கொடுக்காத தவறு எம்முடையது. முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கிய வள்ளி எங்களைப் பார்த்து வாலையாட்டவில்லை. நேரே விறாந்தை மூலைக்குப் போய், தன் பழைய சாக்கு விரித்திருந்த இடத்தை மோந்து, சாக்கு இல்லாத வெறுந்தரையிலே படுத்துக்கொண்டாள். அதன்பின் அவளை யாருக்கும் கொடுக்கும் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், யுத்தத்தினால் ஊரைவிட்டு ஓட நேர்ந்த ஓர் இரவில், எங்கள் வீட்டுக் கறுப்பனை அவிழ்த்துவிட்ட என் தகப்பனார், அது பின்தொடர்ந்து வராதிருக்க வேண்டுமென்று படலையைச் சாத்திக் கயிற்றால் கட்டினார். படலைக்கு அப்பால் அது குரைக்காமல் நின்றது. மூன்று மாதத்தின் பின் திரும்பியபோது படலை கட்டியபடியே இருந்தது; கறுப்பன் இல்லை. அப்பா அதன்பிறகு நாய் வளர்க்கச் சம்மதிக்கவுமில்லை, அதைப்பற்றி எங்களோடு ஒருவார்த்தை பேசவுமில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

வள்ளி பதினொன்றரை வருடம் எங்களோடிருந்தாள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் கிடையாமல் ஜனங்கள் வரிசையில் நின்று வாடியபோது, எங்கள் சோற்றில் ஒரு பங்கு அவளுக்குக் குறைந்ததில்லை. அந்த ஆண்டில் எத்தனையோ வீடுகளால் அது இயலாமற் போனதையும் கண்டோம். 2024இல் அவளது தண்ணீர்க் கோப்பை ஒரு நாளில் நாலைந்து தரம் வெறுமையாகத் தொடங்கிற்று. பிறகு உடல் மெலிந்தது. பிறகு வாயில் ஒரு வாடை. சிறுநீரகங்கள் செயலிழந்து வருகின்றன என்றார் வைத்தியர். தோலுக்கடியில் சேலைன் ஏற்றி இரண்டு மாதம் தாக்காட்டினோம். ஆவணி மாதத்தில் ஒருநாள், அவள் என்றும் மறுத்திராத சூடை மீனை மோந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வலியில்லாமல் முடித்துவைக்கும் ஊசியைப் பற்றி வைத்தியர் மெதுவாகச் சொன்னபோது, உயிரை எடுக்க நமக்கு என்ன அதிகாரம் என்று நான் வாதிட்டேன். இந்த நாட்டில் சைவரும் பௌத்தரும் ஒருங்கே அஞ்சுகின்ற காரியம் அது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரவு முழுதும் எழும்ப முயன்று முயன்று விழுந்த அவளைத் தன் மடியில் தாங்கியிருந்த என் மனைவி, விடியற்காலையில், ‘உங்கட மனச்சாட்சிக்காக அவள் இன்னும் எத்தினை நாள் வலியைத் தாங்க வேணும்?’ என்று கேட்டாள். எனக்கு மறுமொழி வரவில்லை. வைத்தியர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்கம், பிறகு மற்றது. பழைய சாக்கின்மீதே, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க, அமைதியாக அடங்கினாள்.

நாய்க்காக அழுகிறாரே என்று அயலில் ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. அவருக்கு நான் எடுத்தனூரைத்தான் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கத்திலுள்ள அந்த ஊரில், மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டிலே நாட்டிய நடுகல் ஒன்று நிற்கிறது. மாடுகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் அருகே, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ குறுநில மன்னரின் பெயர்கள் அழிந்துபோயின. ஒரு நாயின் பெயர் நம் மொழியில், நம் எழுத்தில், இன்றும் வாசிக்கக் கிடக்கிறது.

வளவின் வேம்படியில் குழி வெட்டினோம். என்னோடு வள்ளி வரக் காணாமையால் மீன்சந்தையில் யாரையோ விசாரித்தறிந்த மூதூர் நானா, இப்போது அவரும் தொழில் விட்டுத் தளர்ந்துபோனவர், அன்று மாலை படலையடியில் வந்து நின்று, ‘மாஸ்டர், பிள்ளை போயிட்டாமே’ என்றார். உள்ளே வரச் சொன்னேன். குழிக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, மண் தள்ளி முடியும்வரை ஒன்றும் பேசாமல் பார்த்திருந்தார். பிறகு சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்திருந்த முருகைக்கல் ஒன்றை, கடலலை தேய்த்து மழமழப்பாக்கியதை, இரு கைகளாலும் தூக்கிவந்து தலைமாட்டில் வைத்தார். நாய்கள் கிளறாமலிருக்கும் என்றார்.